சுற்றிவைத்த நூலும் சுடும் கதிரும்

தீபாவளி இரவில் வானத்தில் சிவப்பாக விரியும் பேன்சி வெடிக்குள் ஸ்ட்ரான்சியம் உப்பு இருக்கிறது. பச்சை நிறத்தைத் தருவது பேரியம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததும், அன்றிலிருந்து சிவகாசி டீக்கடைகளில் ஓயாமல் அடிபடுவதும் இந்தப் பேரியம்தான். செர்னோபில் பற்றிப் படிக்கும்போது ஸ்ட்ரான்சியம் என்ற பெயரைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிறவர்களும் மணி மருந்து உருட்டுகிறவர்களும் கதிர்வீச்சுக்கு ஆளாகிறார்களா?

இல்லை. அணு உலை விபத்தில் வெளியேறுவது ஸ்ட்ரான்சியம்-90 என்ற நிலையற்ற வகை. பூமியிலிருந்து தோண்டியெடுத்து நைட்ரேட்டாக்கி மூட்டையில் வரும் ஸ்ட்ரான்சியம் நிலையானது, கதிர் வீசாது. பேரியமும் அப்படியே. வயிற்றுக்குள் போனால் பேரியம் நைட்ரேட் நஞ்சு, ஆனால் அந்த நஞ்சுக்கும் கதிருக்கும் தொடர்பில்லை. ஆலைக்குள் கதிர் வீசும் பொருள் எதுவென்று கருவி வைத்துத் தேடினால் முள் அசைவது வெடியுப்புக்குத்தான். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். அதில் உள்ள பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகப் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை கலந்திருக்கிறது. ஒரு கிலோ வெடியுப்பில் நொடிக்குச் சுமார் 12,000 அணுக்கள் சிதைகின்றன. கேட்பதற்குப் பெரிய எண். வாழைப்பழத்திலும் முருங்கைக்கீரையிலும் இருப்பது அதே பொட்டாசியம்தான். அது சாப்பாட்டின் வழியாக உள்ளே போய், வளர்ந்த ஒரு மனிதரின் உடலுக்குள் நொடிக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சிதைவுகளை ஆயுள் முழுக்க நடத்திக்கொண்டிருக்கிறது. சிவகாசியில் இருப்பவருக்கும் சென்னையில் இருப்பவருக்கும் இதில் வேறுபாடு கிடையாது.

அத்தனை சிதைவுகளுக்கு நடுவே மனிதன் எழுபது, எண்பது வயது வரை வாழ்கிறான். கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்குபவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டிய செய்தி இது. கதிர் படுவது மட்டுமே சேதத்தை முடிவு செய்வதில்லை. பட்ட இடத்தில் டி.என்.ஏ. எப்படிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது, அந்தக் காயத்தைச் சரிசெய்ய நேரம் இருந்ததா, அதற்கு முன்பே படியெடுக்கும் என்சைம் அங்கே வந்துவிட்டதா? பெரும்பாலும் இந்த மூன்றில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது.

ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் நீட்டி வைத்தால் இரண்டு மீட்டர் வரும். அதைத் தாங்கும் உட்கருவின் குறுக்களவு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாது. இவ்வளவு நீளம் இவ்வளவு சிறிய இடத்தில் சிக்கில்லாமல் அடங்குவதற்கு இயற்கை கண்ட வழி, இராஜபாளையம் நூற்பாலையில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே புரியும்: பாபின். ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு சேர்ந்து ஓர் உருளை ஆகின்றன. அதன்மேல் டி.என்.ஏ. இழை ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றுகிறது. ஒரு பாபினுக்கு 147 எழுத்துகள் (டி.என்.ஏ.வின் கார இணைகள்). பிறகு கொஞ்சம் இடைவெளி, அதன்பின் அடுத்த பாபின். ஒரே செல்லில் இப்படிச் சுமார் மூன்று கோடி பாபின்கள். இவை மேலும் மடிந்து நெருங்கி நிற்கும் மொத்த அமைப்புக்குத்தான் குரோமாட்டின் என்று பெயர். செல் அடிக்கடி பயன்படுத்தும் பகுதிகள் தளர்வாகவும், தேவைப்படாத பகுதிகள் இறுக்கமாகவும் இருக்கும்.

இந்தக் கதையின் இரு பாதிகளும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் பாலிமரேஸ் என்ற என்சைமை 1956ல் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்தவர் ஆர்தர் கோர்ன்பெர்க். 1959ல் அவருக்கு நோபல் பரிசு. டி.என்.ஏ. ஹிஸ்டோன் உருளைகளில் சுற்றியிருக்கிறது என்று 1974ல் முன்வைத்தவர் அவர் மகன் ரோஜர் கோர்ன்பெர்க். அவர் வேறொரு பெரிய பணிக்காக 2006ல் நோபல் பெற்றார். அப்பா கண்டது படியெடுக்கும் கை, மகன் கண்டது அந்தக் கைக்கு எதிரே நிற்கும் தடை.

தமிழருக்கும் இதில் பங்கு உண்டு. 1952ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009ல் நோபல் பெற்றது ரைபோசோம் ஆய்வுக்காக. அது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பு அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் அவர் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியது குரோமாட்டினோடு. பாபினுக்குள் டி.என்.ஏ. நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஒரு தனி ஹிஸ்டோன் வந்து உட்கார்ந்து சுற்று அவிழாமல் பிடித்துக்கொள்கிறது. கோழியின் ரத்தச் சிவப்பணுவில் உள்ள அப்படிப்பட்ட ஹிஸ்டோனின் மையப் பகுதி எப்படி இருக்கும் என்று 1993ல் அவரும் சக ஆய்வாளர்களும் எக்ஸ்-கதிர் கொண்டு படம் பிடித்துக் காட்டினார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1997ல், சூரிச் நகரில் கரோலின் லூகர், திமோதி ரிச்மண்ட் குழுவினர் பாபின் முழுவதையும் அணு அணுவாகப் படம் பிடித்தனர். 2009ல் ராமகிருஷ்ணனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட தாமஸ் ஸ்டைட்ஸ், 1985லேயே டி.என்.ஏ. பாலிமரேஸின் ஒரு பகுதியை இப்படிப் படம் பிடித்தவர்.

இனி அந்த என்சைம் வேலை செய்யும் இடத்துக்கு வருவோம். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் அறுநூறு கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகளைப் படியெடுத்தாக வேண்டும். இதற்கு மனித செல் எடுத்துக்கொள்வது எட்டு மணி நேரம் அளவுதான். ஆயிரக்கணக்கான இடங்களில் வேலை தொடங்கும். ஒவ்வொரு முனையும் நிமிடத்துக்கு ஓரிரு ஆயிரம் எழுத்துகள் என நகரும். முன்னால் ஓர் என்சைம் இரட்டை இழையைப் பிரித்துக்கொண்டே போக, பின்னால் பாலிமரேஸ் ஒவ்வோர் இழைக்கும் எதிர் இழையைக் கட்டிக்கொண்டே வருகிறது. வழியில் வரும் பாபின்கள் கழற்றப்படுகின்றன. முனை கடந்து போனதும் பழைய ஹிஸ்டோன்கள் இரண்டு புது இழைகளுக்கும் பங்கிடப்படுகின்றன. குறையும் இடத்தில் புதிய ஹிஸ்டோன்களைக் கொண்டுவந்து பொருத்துவதற்கென்றே ஒரு புரதக் கூட்டு உண்டு. அதை 1989ல் நியூயார்க் அருகே கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் புரூஸ் ஸ்டில்மன் குழு கண்டுபிடித்தது. பாலிமரேஸ் லட்சம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் தவறு செய்யும். தானே பின்னால் திரும்பி அழித்துத் திருத்தும். அதற்கும் தப்பியதை இன்னொரு திருத்தக் குழு பிடிக்கும். கடைசியில் மிஞ்சுவது நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழை என்ற அளவு.

தளர்வான பகுதிகள் முதலில் படியெடுக்கப்படுகின்றன, இறுக்கமானவை கடைசியில். இந்த வரிசையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிவகாசிப் பக்கம் கதிர் என்றால் முதலில் நிற்பது வெயில். தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றியதற்கே வெயிலும் மழைக் குறைவும்தான் காரணம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபோது, ஈரம் இல்லாத இந்தக் கரிசல் வானம் அவர்களுக்குக் கைகொடுத்தது. இன்றைக்கும் ஆலை முற்றங்களில் சக்கரமும் மணி மருந்தும் திரியும் சூரியனை நம்பித்தான் காய்கின்றன. அவற்றைப் பரப்பி, புரட்டி, அள்ளும் பெண்கள் முழங்கை வரை அலுமினியத் தூளின் வெள்ளி மினுமினுப்போடு அந்த முற்றத்தில் நிற்கிறார்கள்.

ஒளித்துகளின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் அளப்பார்கள். பேன்சி வெடியின் சிவப்புக்கு இரண்டு, பச்சைக்கு இரண்டரை. இவை டி.என்.ஏ.வைத் தொடாது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரின் ஒரு பகுதிக்கு நாலு, நாலரை. டி.என்.ஏ.வின் எழுத்துகள் இந்த ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளக்கூடியவை. தைமின் என்ற எழுத்து இரண்டு அடுத்தடுத்து நிற்கும் இடத்தில் உறிஞ்சிய ஆற்றலால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பாபினில் சுற்றிய டி.என்.ஏ.வில் இந்த ஒட்டுகள் எல்லா இடத்திலும் சமமாக விழுவதில்லை. இழை உருளைக்கு வெளிப்பக்கம் வளையும் இடங்களில் அதிகமாகவும், உருளையைத் தொடும் இடங்களில் குறைவாகவும், பத்து எழுத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும் சீரில் விழுகின்றன. அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் ஸ்மெர்டன் குழு 1987ல் இதைக் காட்டியது. கதிர் எங்கே கடிக்க வேண்டும் என்பதைக்கூடச் சுற்றுதான் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒட்டிய இரண்டு எழுத்துகளின் முன்னால் வந்து சேரும் பாலிமரேஸ் திகைத்து நின்றுவிடும். மிகத் துல்லியமான என்சைம் அது. வளைந்து கோணலான எழுத்து அதன் பிடிக்குள் அமராது. படியெடுப்பு அங்கேயே நின்றால் செல் செத்துப்போகும். அப்போது அதை விலக்கிவிட்டு இன்னொரு பாலிமரேஸ் உள்ளே வருகிறது. ஈட்டா என்று அதற்குப் பெயர். பிடி தளர்ந்த, பொதுவாகத் தவறு அதிகம் செய்யும் என்சைம். ஆனால் ஒட்டிய தைமின் இரண்டுக்கு எதிரே சரியான எழுத்துகள் இரண்டையும் வைத்துவிட்டு நகர்ந்துவிடும். நகர்ந்ததும் பழைய பாலிமரேஸ் மீண்டும் பொறுப்பேற்கும். 1999ல் சத்ய பிரகாஷ், லூயிஸ் பிரகாஷ் தம்பதியும் ராபர்ட் ஜான்சனும் ஈஸ்ட்டில் இதைக் கண்டார்கள். மனிதர்களில் இந்த என்சைம் இல்லாமல் பிறப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பதை அதே ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்களும் காட்டினார்கள். அவர்களுக்கு வருவது ஜீரோடெர்மா என்ற தோல் நோயின் ஒரு வகை. வெயில் பட்ட முகத்திலும் கையிலும் இளம் வயதிலேயே புற்றுநோய் வரும்.

ஜீரோடெர்மாவின் பிற வகைகளில் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒட்டிய எழுத்துகள் உள்ள பகுதியை முப்பது எழுத்து நீளத்துக்கு வெட்டியெடுத்து, புதிதாக நிரப்பும் பழுதுபார்ப்பு அமைப்பு அவர்களுக்கு வேலை செய்யாது. இவை எல்லாம் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டும் வெளிப்படும் நோய்கள். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று உறவுக்குள் பெண் எடுக்கும் தென் மாவட்டங்களில் இப்படிப்பட்ட நோய்களுக்கு வாய்ப்பு கூடுதல். வெயிலில் சில நிமிடம் நின்றாலே முகம் கன்றிப்போகிற, இரண்டு வயதுக்குள் முகமெல்லாம் புள்ளி விழுகிற குழந்தையைத் திருஷ்டி என்று விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மற்றவர்களுக்குத் தோலின் கறுப்பே கவசம். தோல் செல்லுக்குள் மெலனின் நிறமி உட்கருவின் மேல்புறம், சூரியன் பார்க்கும் பக்கமாகத் திரண்டு மூடிக்கொள்கிறது. முற்றத்தில் நாளெல்லாம் நிற்கும் பெண்களுக்கு வெயிலால் தோல் புற்றுநோய் வருவது அரிதாக இருப்பதற்கு முதல் காரணம் இந்த நிறம். கறுப்பைக் குறையாக நினைத்துச் சிவப்பழகு கிரீம் பூசுகிற ஊரில் இதை உரக்கவே சொல்ல வேண்டும்.

பட்டாசு ஊரின் தோலுக்கு நிஜமான ஆபத்து வேறொரு வழியில் வரலாம். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் குறைந்தது 38 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ விபத்துகள். பிழைத்தவர்கள் உடலில் தீக்காயத் தழும்போடு வாழ்கிறார்கள். முழுதாக ஆறாமல், மூட்டு மடங்கும் இடத்தில் அடிக்கடி வெடித்துப் புண்ணாகும் தழும்பில் இருபது, முப்பது ஆண்டு கழித்துப் புற்றுநோய் வருவது மருத்துவ உலகம் நீண்ட காலமாக அறிந்தது. பிரெஞ்சு மருத்துவர் மார்ஜோலின் 1828ல் இத்தகைய புண்களை விவரித்தார். அவர் பெயரால்தான் இன்றும் அழைக்கிறார்கள். இதில் கதிரின் பங்கு இல்லை. புண்ணை மூட செல்கள் ஓயாமல் பிரிகின்றன, ஒவ்வொரு பிரிவிலும் டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது, ஒவ்வொரு படியிலும் பிழைக்கு வாய்ப்பு. பழைய தழும்பில் மாதக்கணக்கில் ஆறாத புண், தடித்து மேலெழும் விளிம்பு, நாற்றம் இருந்தால் களிம்பு தடவிக் காத்திராமல் சதை எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

எக்ஸ்-கதிர், காமா கதிர் ஆகியவற்றின் ஆற்றல் வெயிலோடு ஒப்பிடும் அளவில் இல்லை. புற்றுநோய் சிகிச்சையில் பயன்படும் கோபால்ட்-60ன் காமா துகள் ஒன்றின் ஆற்றல் பேன்சி வெடியின் பச்சை ஒளித்துகளைப் போல ஐந்து லட்சம் மடங்கு. அது டி.என்.ஏ.வை நேராக அறுக்கலாம். பெரும்பாலும் நடப்பது வேறு: செல்லுக்குள் நிறைந்திருக்கும் தண்ணீரை உடைக்கிறது, அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் என்ற வெறிகொண்ட துணுக்கு அருகே உள்ள டி.என்.ஏ.வைத் தாக்குகிறது. ஒரு கிரே (உறிஞ்சப்படும் கதிரை அளக்கும் அலகு) அளவு கதிர் பட்டால் ஒரு செல்லில் ஏறத்தாழ ஆயிரம் இடங்களில் ஒற்றை இழை அறும். நாற்பது இடங்களில் இரண்டு இழையும் சேர்ந்து அறும். முதலாவது சில்லறைக் காயம். இரண்டாவது உயிருக்கு உலை.

இங்கேதான் சுற்றிவைத்ததன் அருமை தெரிகிறது. ஜப்பானில் கஸுஹிரோ மாயேஷிமா குழு 2013ல் ஒரே குரோமாட்டினை இறுக்கமாகவும் தளர்வாகவும் வைத்துக் கதிர் பாய்ச்சிப் பார்த்தது. இறுக்கமானதில் இரட்டை அறுவைகள் 5 முதல் 50 மடங்கு வரை குறைவு. நெருக்கிச் சுற்றிய இடத்தில் தண்ணீர் குறைவு, எனவே ஹைட்ராக்சிலும் குறைவு. அப்படியானால் எல்லாவற்றையும் இறுக்கியே வைத்துக்கொண்டால் என்ன? வைத்தால் பழுதுபார்க்க ஆள் உள்ளே வர முடியாது. இறுக்கமான பகுதியில் விழுந்த அறுவைகள் ஆறுவதற்கு அதிக நேரம் பிடிக்கிறது, அந்தப் பகுதியைத் தளர்த்த ஏ.டி.எம். என்ற தனிப் புரதமே வர வேண்டியிருக்கிறது. புற்றுநோய்க் கட்டிகளின் டி.என்.ஏ.வை வாசித்தவர்கள் கண்டதும் இதையே சொல்கிறது: எழுத்துப் பிழைகள் அதிகம் குவிந்திருப்பது இறுக்கமான, கடைசியாகப் படியெடுக்கப்படும் பகுதிகளில். அடி குறைவாக விழும் இடத்திலேயே தழும்பு அதிகமாக நிற்கிறது.

இரட்டை அறுவை விழுந்த சில நிமிடங்களில் அதன் இருபுறமும் உள்ள பாபின்களில் எச்2ஏஎக்ஸ் என்ற ஹிஸ்டோனுக்குப் பாஸ்பேட் குறி இடப்படுகிறது. அமெரிக்காவில் வில்லியம் போனர் குழு 1998ல் கண்ட செய்தி இது. சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு அறுவையும் ஒரு புள்ளியாக ஒளிரும். எண்ணிப் பார்க்கலாம். பாபின் வெறும் சுருட்டி வைக்கும் உருளையாக இராமல் காயம் பட்ட இடத்தைக் காட்டும் கொடியாகவும் ஆகிவிடுகிறது.

அதே நேரத்தில் ஏ.டி.எம். இன்னொரு கட்டளையும் அனுப்புகிறது: படியெடுப்பை நிறுத்து. புதிய இடங்களில் வேலை தொடங்காது, நடப்பதும் மெதுவாகும். ஒற்றை இழை மட்டும் அறுந்த இடத்தில் படியெடுக்கும் முனை வந்து மோதினால் அந்தச் சில்லறைக் காயமே இரட்டை அறுவையாகிவிடும். அதனால்தான் அந்த அவசரம். ஏ.டி.எம். மரபணு பழுதான குழந்தைகளின் செல்கள் எக்ஸ்-கதிர் பட்ட பிறகும் நிற்காமல் படியெடுத்துக்கொண்டே போவதை 1980ல் ராபர்ட் பெயின்டரும் பாரி யங்கும் காட்டினார்கள். இந்தக் குழந்தைகள் நடை தள்ளாடி, நோய் எதிர்ப்பு குன்றி, கதிரால் மிகையாகப் பாதிக்கப்படுவார்கள். நிறுத்தத் தெரியாத படியெடுப்பு எவ்வளவு கொடியது என்பதற்கு அவர்களே சாட்சி.

ஆய்வுக்கூடத்தை விட்டுக் கடற்கரைக்குப் போகலாம். சிவகாசியிலிருந்து தெற்கே சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி. அங்கே கரையில் ஒதுங்கும் கறுப்பு மணலில் மோனசைட் கலந்திருக்கிறது, மோனசைட்டில் தோரியம். ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909ல் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு தேடி வந்த கதை பிரபலம். அந்தக் காலத்துக் கல்யாண ஊர்வலங்களில் சுமந்து வந்த கேஸ் லைட்டின் வலைச் சல்லடையில் இருந்தது இந்தத் தோரியம்தான். இதே மணல் வடக்கே கேரளத்தின் கொல்லம் மாவட்டத்துச் சவரா, நீண்டகரை, கருநாகப்பள்ளி வரை திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. உலகில் மனிதர் நெருக்கமாக வாழும் இடங்களில் இயற்கைக் கதிர் மிக அதிகமுள்ள கரைகளில் இது ஒன்று.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்து 2009ல் முடிவு வெளியிட்டது. கதிர் அதிகமுள்ள வீடுகளில் புற்றுநோய் அதிகம் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் அந்தக் கரையில் பிறந்த இருபத்தேழாயிரம் குழந்தைகளின் குரோமோசோம்களைப் பார்த்தார்கள். அங்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஆனால் 2002ல் லூசி பார்ஸ்டர், பீட்டர் பார்ஸ்டர் உள்ளிட்ட ஐரோப்பியக் குழு அதே கரையில் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் வேறொரு டி.என்.ஏ.வைப் பார்த்தது. உட்கருவுக்கு வெளியே, மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சிறிய வட்ட டி.என்.ஏ. அது. தாயிடமிருந்து மட்டும் வரும். மணல் திட்டில் வாழும் குடும்பங்களில் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே எழுத்து மாற்றங்கள் பக்கத்து ஊர்களைவிடத் தெளிவாக அதிகம். அதைவிட முக்கியமான செய்தி, மாற்றம் விழுந்த இடங்கள். கதிர் கண்மூடித்தனமாகச் சுட்டிருந்தால் மாற்றங்கள் எங்கெங்கோ சிதறியிருக்க வேண்டும். விழுந்தவையோ, அறுபதாயிரம் ஆண்டுகளாக மனித இனத்தில் அடிக்கடி பிழை விழுந்து வரும் அதே எழுத்துகளில். கதிர் நேரடியாக எழுத்தை மாற்றவில்லை, வழக்கமாகப் பிழை நேரும் வழியையே வேகப்படுத்தியது என்று எடுத்துக்கொள்ள இது இடம் தருகிறது.

மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வுக்கு ஹிஸ்டோன் பாபின் கிடையாது. அதைப் படியெடுக்க காமா என்ற தனிப் பாலிமரேஸ். பழுதுபார்ப்பு வசதியும் உட்கருவில் உள்ள அளவுக்கு இல்லை. ஆக, ஒரே கரையில், ஒரே கதிரில், உட்கருவைப் பார்த்தவர்கள் அமைதியையும் மைட்டோகாண்ட்ரியாவைப் பார்த்தவர்கள் மாற்றத்தையும் கண்டார்கள். இரண்டும் முரண் என்று சண்டை போட வேண்டியதில்லை. மாற்றம் என்றால் நோய் என்றும் பொருள் இல்லை. மெதுவாக, சிறுகச் சிறுக விழும் கதிரை, சுற்றிவைத்துப் பழுதுபார்க்கும் உட்கரு பெருமளவு சமாளித்துவிடுகிறது என்பது இதுவரை கிடைத்த சான்றுகளின் நியாயமான தீர்ப்பு.

ஒரே நாளில் சில நிமிடங்களுக்குள் இரண்டு கிரே கொடுத்தால்? அதுதான் கதிர் சிகிச்சை, நம் ஊர்க்காரர்கள் வாயில் 'கரண்ட் வைக்கிறது'. அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு 1950களிலேயே கோபால்ட் கருவி வந்துவிட்டது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கினாலும், வாய்ப் புற்றுக்கோ கருப்பைவாய்ப் புற்றுக்கோ கரண்ட் வைக்க இந்த மாவட்டத்தவர் மதுரை பஸ் ஏறுவதுதான் வழக்கம்.

இரண்டு கிரேயில் ஒவ்வொரு செல்லிலும் எழுபது, எண்பது இரட்டை அறுவை. புற்றுநோய்க்கும் அதே அடி, சுற்றியுள்ள நல்ல திசுவுக்கும் ஓரளவு அதே அடி. அடுத்த நாள் காலைக்குள் நல்ல செல்கள் நின்று, திருத்தி, தேறிவிடும். நிறுத்தும் கட்டளை கெட்டுப்போன புற்றுநோய் செல்கள் பல, அறுந்த டி.என்.ஏ.வோடு படியெடுக்கவும் பிரியவும் போய் மடியும். இந்த வேறுபாட்டை நாள்தோறும் சேர்த்துச் சேர்த்துத்தான் ஆறு, ஏழு வாரத்தில் கட்டியை அழிக்கிறார்கள். வாரம் ஐந்து நாள், ஒரு நாளைக்குச் சில நிமிடம் என்ற ஏற்பாடு மருத்துவமனையின் வசதிக்காக வந்ததல்ல. பாபினும் பாலிமரேஸும் பழுதுபார்ப்பும் கேட்கும் கால அளவு அது.

பாதியில் நிறுத்தினால் நடப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சிகிச்சை தொடங்கி நான்கு வாரம் அளவில், தப்பிய புற்றுநோய் செல்கள் முன்னைவிட வேகமாகப் படியெடுத்துப் பெருகத் தொடங்குகின்றன. தலை, கழுத்துப் புற்றுநோயில் தேவையில்லாமல் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் கட்டியை அடக்கும் வாய்ப்பை ஒரு சதவீதத்துக்கு மேல் குறைக்கிறது. ஐந்தாம் வாரத்தில் வாய் வெந்து, சாப்பிட முடியாமல், 'இது போதும்' என்று ஊர் திரும்புகிறவர் மிக மோசமான நேரத்தில் திரும்புகிறார். வெளியிலிருந்து கரண்ட் வைத்துக்கொண்டவரின் உடலில் கதிர் தங்குவதில்லை. பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர் சிகிச்சை அடங்கும். ஆலையில் இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் அதன் வழியாகவும் கேட்கலாம். வாய் வெந்தால், தோல் கறுத்து உரிந்தால், அதற்கு மருந்து இருக்கிறது. சொன்னால் கொடுப்பார்கள். தீபாவளி சீசன் வேலையோ, பங்குனிப் பொங்கலோ, வீட்டு விசேஷமோ, எதுவாக இருந்தாலும் சரி, கரண்ட் வைக்கத் தொடங்கியவர்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த கடைசி நாள் வரை தவறாமல் போய் வாருங்கள்.